சிறுநீரகத்தோடு கணையமும் மாற்றச் சொல்கிறார்கள்: அறுவைக்குப் பின் வரும் சிக்கல்கள் பற்றி விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்

பொருநைக்கரை

என் தங்கைக்கு 31 வயது. முதல் வகை சர்க்கரை நோய். 11 வயதிலிருந்து இன்சுலின் போட்டுக்கொள்கிறாள். சிறுநீரகங்கள் செயலிழந்து இப்போது வாரம் மூன்று முறை டயாலிசிஸ். அதைவிட எங்களைப் பயமுறுத்துவது வேறொன்று. சர்க்கரை இறங்குவது அவளுக்குத் தெரிவதே இல்லை. வியர்ப்பதில்லை, கை நடுங்குவதில்லை; பேசிக்கொண்டிருக்கும்போதே நினைவு தப்பிவிடுகிறது.

சிறுநீரகம் கொடுக்க நான் தயாராக இருக்கிறேன். ரத்த வகை பொருந்துகிறது. இந்த நிலையில் சென்னையில் பார்த்த மருத்துவர், மூளைச்சாவு அடைந்த ஒருவரிடமிருந்து சிறுநீரகத்தையும் கணையத்தையும் சேர்த்தே வைக்கலாம், யோசியுங்கள் என்றார். உடல் உறுப்பை நிராகரிப்பது பற்றித்தான் நான் படித்துவிட்டுப் போயிருந்தேன். அவர் அதைப் பெரிதாகப் பேசவில்லை. முதல் சில வாரங்கள் வயிற்றுக்குள் என்ன நடக்கிறது என்பதைப் பொறுத்ததுதான் எல்லாம் என்றார். வெளியே கூட்டம் காத்திருந்ததால் மேற்கொண்டு கேட்க முடியவில்லை.

அப்படி வயிற்றுக்குள் என்னதான் நடக்கும்? மறைக்காமல் எழுதுங்கள். தங்கையும் இந்த இழையைப் படிப்பாள்.

கத்தியும் நூலும்

உறுப்பு மாற்று அறுவைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். உங்கள் தங்கையைப் பார்க்காமல் இதைச் செய்யுங்கள், அதைச் செய்யாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். அவர் மருத்துவர் சொன்னதை மட்டும் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் அவர் சொன்னது முற்றிலும் சரி.

சிறுநீரகம் வைப்பதும் கணையம் வைப்பதும் ஒரே தரத்து வேலை அல்ல. இதயம் வெளித்தள்ளும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இரண்டு சிறுநீரகங்களும் வாங்கிக்கொள்கின்றன. கணையத்துக்குப் போவது நூற்றில் ஒரு பங்கு அளவுதான். போதாததற்கு, கொடையாளர் உடலில் கணையத்தின் வால்பகுதியை ஒட்டி மண்ணீரல் இருக்கிறது. அந்தப் பக்கக் குழாய்களில் ஓடும் ரத்தத்தில் பெரும்பகுதி மண்ணீரலுக்கு உரியது. மாற்றும்போது மண்ணீரலை எடுத்துவிடுகிறோம். குழாயின் அகலம் அப்படியே இருக்கிறது, ஓட்டம் மட்டும் குறைந்துவிடுகிறது. ஓட்டம் மந்தமான இடத்தில் ரத்தம் உறையும். முதல் வாரத்தில் கணையத்தை இழப்பவர்களில் பெரும்பாலோர் இந்த உறைவால்தான் இழக்கிறார்கள். கணையம் மாற்றிக்கொள்பவர்களில் பொதுவாக நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் வரை இப்படி இழக்கிறார்கள் என்று கொள்ளலாம்.

அடுத்தது செரிமான நீர். நமக்கு வேண்டியது இன்சுலின் சுரக்கும் திட்டுகள் மட்டும். அவை கணையத்தின் எடையில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான். மிச்சம் முழுவதும் புரதத்தையும் கொழுப்பையும் கரைக்கும் நொதிகளைத் தயாரிக்கும் தொழிற்சாலை. வேண்டாத அந்த நீரை எங்காவது வடிய விட்டாக வேண்டும். கணைய மாற்றின் வரலாறே இந்த நீரை எங்கே விடுவது என்ற தகராறுதான். 1966 டிசம்பரில் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் வில்லியம் கெல்லியும் ரிச்சர்ட் லில்லெஹையும் உலகின் முதல் கணைய மாற்றைச் செய்தபோது அந்த நீர் வெளியேறும் நாளத்தைக் கட்டிவிட்டார்கள். நோயாளி சில நாள்கள் இன்சுலின் இல்லாமல் இருந்தார். பிறகு கணையம் அழற்சி கண்டது, அவரும் சில மாதங்களுக்குள் இறந்துபோனார். 1970களின் பிற்பகுதியில் பிரான்சின் லியோன் நகரில் துபெர்னார் நாளத்துக்குள் ரப்பர் போன்ற ஒரு பொருளைச் செலுத்தி அடைத்துப் பார்த்தார். 1980களில் அமெரிக்காவின் விஸ்கான்சினில் சோலிங்கர் அதைச் சிறுநீர்ப்பையில் இணைத்தார். பல ஆண்டுகள் அதுவே வழக்கமாக இருந்தது. 1990களின் நடுவிலிருந்து பெரும்பாலான மையங்கள் சிறுகுடலில் இணைக்கின்றன.

இப்போதைய முறையில், கொடையாளரின் கணையத்தோடு அதை அணைத்திருக்கும் முன்சிறுகுடல் துண்டையும் சேர்த்தே எடுக்கிறோம். கணையத்துக்கு இரண்டு தமனிகள் வருவதால், கொடையாளரின் இடுப்புத் தமனியை ஆங்கில 'ஒய்' எழுத்து வடிவில் எடுத்து, அதன் இரு கிளைகளையும் அவற்றோடு தைத்து ஒரே குழாயாக்குகிறோம். பெரும்பாலும் வயிற்றின் வலது கீழ்ப்பகுதியில் கணையம், இடதில் சிறுநீரகம். உங்கள் தங்கையின் பழைய கணையத்தை யாரும் தொடுவதில்லை, அது இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஆக, தைக்க வேண்டிய இடங்கள் தமனி, சிரை, குடல் என்று மூன்று. சிக்கல்களும் இந்த மூன்று இடங்களிலிருந்துதான் கிளம்புகின்றன.

கணக்குப்பிள்ளை

ஐயா, விளக்கம் அருமை. ஆனால் ஒரு சாதாரண ஆளாகக் கேட்கிறேன். சிறுநீரகம் கொடுக்க அண்ணன் தயாராக நிற்கிறான். சர்க்கரைக்கு இன்சுலின் இருக்கிறது. இப்போது தோலில் ஒட்டிக்கொள்ளும் சென்சார் இருக்கிறது, சர்க்கரை இறங்கினால் அலாரம் அடிக்கிறது, பம்ப் தானே இன்சுலினை நிறுத்திக்கொள்கிறது. இவ்வளவு இருக்கும்போது இத்தனை ஆபத்தான ஓர் உறுப்பை எதற்கு உள்ளே வைக்க வேண்டும்?

வல்லைவெளி

கனடாவில் இருக்கிறேன், யாழ்ப்பாணத்தாள். எனக்கும் சிறுநீரகமும் சதையியும் (கணையத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) ஒன்றாகவே வைத்தார்கள். சிறுநீரகம் இன்றுவரை நன்றாக வேலை செய்கிறது. சதையி முதல் வாரத்தைத் தாண்டவில்லை.

சத்திரசிகிச்சை முடிந்து கண் விழித்தபோது இன்சுலின் நிறுத்தியாகிவிட்டது, சீனி அளவு சாதாரணமாக இருக்கிறது என்றார்கள். சிறுபிள்ளையாக இருந்த காலத்துக்குப் பிறகு ஊசியில்லாமல் சாப்பிட்டது அந்தச் சில நாள்களில்தான். பிறகு ஒருநாள் விடியற்காலை வயிற்றின் வலப்பக்கம் இறுகி வலித்தது. தாதி சீனியைப் பார்த்தார், 8 இருந்தது. ஒரு மணித்தியாலம் கழித்து 15. (இங்கே மில்லிமோல் கணக்கு, இந்தியக் கணக்கில் 144, பிறகு 270.) உடனே ஸ்கேன் எடுத்தார்கள். சிரை முழுவதும் குருதி உறைந்துவிட்டது. அன்று மாலைக்குள் அதை வெளியே எடுத்துவிட்டார்கள்.

சத்திரசிகிச்சை செய்தவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. வேறொரு குறை உண்டு. எத்தனை வீதம் வெற்றி என்று முன்கூட்டியே சொன்னார்கள். தோற்றால் அது எப்படித் தோற்கும் என்று சொல்லவில்லை. மெல்ல மெல்லப் பழுதாகும், மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு காலையில் தொடங்கி அன்றைக்கே முடிந்துபோகும் என்பது என் கற்பனையிலேயே இல்லை. தம்பி, உங்கள் தங்கச்சி இதைத் தெரிந்துகொண்டு உள்ளே போகட்டும்.

பொருநைக்கரை

அக்கா, இதை எழுத உங்களுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும். நன்றி. சிறுநீரகத்துக்கு அப்போது ஒன்றும் ஆகவில்லையா? ஒன்று போனால் மற்றதும் போய்விடும் என்று தங்கை நினைத்துக்கொண்டிருந்தாள்.

வல்லைவெளி

இல்லை, அது வேறு பக்கம், அதற்கு வேறு குழாய்கள். திரும்பவும் வயிற்றைத் திறந்ததால் சிறுநீரகம் சில நாள் சோர்ந்து, பிறகு தேறிக்கொண்டது. டயாலிசிஸ் கதிரையில் இருந்து எழும்பியது எனக்குப் பெரிய விடுதலை. இன்சுலின் பழைய சங்கடம், அதோடு வாழத் தெரியும்.

கத்தியும் நூலும்

வல்லைவெளி அக்கா சொன்னதில் மருத்துவம் படிப்பவர்களே கவனிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஒழுங்காக வேலை செய்யும் கணையம் சில மணி நேரத்திலேயே சர்க்கரையைச் சாதாரண நிலைக்குக் கொண்டுவந்துவிடும். அதன்பிறகு காரணமில்லாமல் சர்க்கரை எகிறினால், நிராகரிப்பைத் தடுக்கத் தரும் ஸ்டீராய்டால் ஏறியிருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் அல்லது சி.டி. எடுத்துக் குழாய்களைப் பார்க்க வேண்டும். சிரையில் அடைப்பு வந்தால் கணையம் வீங்கி வலிக்கும். தமனியில் வந்தால் வலி அவ்வளவாக இல்லாமலேயே சர்க்கரை ஏறும். உறைவு ஓரளவுதான் என்றால் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் கொடுத்துக் காப்பாற்ற முடிகிறது, ரத்தக்குழாய் வழியாக உள்ளே போய் உறைவை அகற்றுபவர்களும் உண்டு. முழுதும் அடைத்துவிட்டால் பெரும்பாலும் எடுத்துவிடுவதுதான் வழி. செத்த கணையத்தை உள்ளே விட்டுவைத்தால் உயிருக்கே ஆபத்து.

கணக்குப்பிள்ளை ஐயா, உங்கள் கேள்வியை நான் மதிக்கிறேன். முதல் வகை நோயாளிகள் பெரும்பாலோருக்கு உங்கள் பதில்தான் சரியான பதில். கணையத்தை மட்டும் தனியாக மாற்றுவது அரிதாக இருப்பதற்கு அதுவே காரணம். ஆனால் இந்தப் பெண்ணுக்கு எப்படியும் சிறுநீரகம் மாற்றப் போகிறார்கள். எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்துகளை எப்படியும் வாழ்நாள் முழுதும் சாப்பிடப் போகிறார். அந்த விலையை ஏற்கெனவே கொடுத்தாயிற்று. கூடுதலாகக் கொடுக்க வேண்டியது அறுவையின் ஆபத்து ஒன்றுதான். அதைத்தான் எடைபோட வேண்டும்.

குளிர்நாடன்

இங்கிலாந்திலிருந்து எழுதுகிறேன், சொந்த ஊர் காரைக்குடி. எனக்கு இரண்டும் வைத்துச் சில ஆண்டுகள் ஆகின்றன, இன்சுலின் தொடுவதில்லை. தேறியவன் என்பதால் ரோஜாப்பூ மட்டும் காட்ட விரும்பவில்லை.

உறைவைத் தடுக்க ஹெப்பாரின் கொடுக்கிறார்கள். கொடுத்தால் ரத்தம் கசிகிறது. எனக்கு அதுதான் நடந்தது. அறுவை முடிந்த மறுநாள் ரத்த அழுத்தம் இறங்கியது, வயிறு உப்பியது, வடிகுழாயில் சிவப்பாக வந்துகொண்டே இருந்தது. திரும்ப அறுவை அரங்குக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே பெரிய ரத்தக்கட்டி, ஆனால் கசிந்த இடம் என்று குறிப்பாக எதையும் காண முடியவில்லையாம். கட்டியைக் கழுவி எடுத்துவிட்டு மூடினார்கள். பிறகு இரண்டாம் வாரத்தில் கறுப்பாக மலம் போனது. குடலைக் கணையத்தோடு தைத்த இடத்திலிருந்து ரத்தம் என்றார்கள். அது தானாகவே நின்றது.

என்னோடு அதே வார்டில் இருந்த இன்னொருவருக்கு ஒன்றுமே ஆகவில்லை. காப்பி குடித்துக்கொண்டு நடந்தே வீட்டுக்குப் போனார். இருவருக்கும் ஒரே குழுதான் அறுவை செய்தது.

மறுபடியும் வயிற்றைத் திறப்பதைத் தோல்வி என்று நினைக்காதீர்கள். எனக்கு அறுவை செய்தவர் முன்பே சொல்லிவிட்டார்: சந்தேகம் வந்தால் திறந்து பார்த்துவிடுவேன், திறக்காமல் யோசித்துக்கொண்டிருப்பதுதான் ஆபத்து என்று. அந்த வார்த்தை இருந்ததால் என் மனைவி பதறவில்லை.

கத்தியும் நூலும்

குளிர்நாடன் சொன்ன மறுஅறுவைக்கு எண்ணும் கொடுத்துவிடுகிறேன். வெளிநாட்டு மையங்கள் வெளியிட்டவற்றில் ஐந்தில் ஒருவர் முதல் மூவரில் ஒருவர் வரை முதல் மாதங்களில் மீண்டும் அறுவை அரங்கைப் பார்க்கிறார்கள். வழக்கமாக மாற்றப்படும் வயிற்று உறுப்புகளில் அறுவைச் சிக்கல் மிக அதிகமானது கணையம்தான். அதே நேரம், இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டவர்களில் ஓராண்டு முடிவில் நூற்றுக்கு 95 பேருக்கு மேல் உயிரோடு இருக்கிறார்கள். கணையம் வேலை செய்துகொண்டிருப்பது 85 முதல் 90 பேருக்கு. இந்த இரண்டு வரிகளும் ஒரே நேரத்தில் உண்மை. ஒன்றை மட்டும் சொல்லும் மருத்துவரிடம் மற்றதைக் கேளுங்கள்.

நிர்வாகி

உறுப்பு ஏற்பாடு செய்து தருவதாக வந்த ஒரு பதிவை நீக்கியிருக்கிறோம். உறுப்பை விற்பதும் வாங்குவதும் தரகு பார்ப்பதும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புக்குத் தமிழ்நாட்டில் மருத்துவமனை வழியாக அரசின் உறுப்பு மாற்று ஆணையத்தில் பதிவு செய்வது ஒன்றே வழி. மருத்துவமனைகளின் பெயரைச் சொல்லிக் குறை எழுதுவதையும் தவிருங்கள். தொடருங்கள்.

இரவுப்பணி

உறுப்பு மாற்று ஐ.சி.யூ.வில் நெடுங்காலம் வேலை பார்த்த செவிலி நான். மருத்துவர் சொல்லாத, கூட இருப்பவர்கள் கண்ணால் பார்க்கக்கூடிய விஷயங்களைச் சொல்கிறேன்.

தம்பி, முதலில் வடிகுழாய். அதில் வருவதன் நிறத்தைப் பார்த்துப் பார்த்து உறவினர்கள் நொந்துபோகிறார்கள். முதல் நாள் சிவப்பாக வருவது இயல்பு, பிறகு வெளுத்துக்கொண்டே போக வேண்டும். வெளுத்தது மறுபடி சிவந்தாலோ, பழுப்பாக, பித்தநிறமாகக் கலங்கி வந்தாலோ சொல்லுங்கள். அந்த நீரை ஆய்வகத்துக்கு அனுப்பி அமைலேஸ் என்ற கணைய நொதியின் அளவு பார்ப்போம். ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு இருந்தால் தையல் எங்கோ விட்டிருக்கிறது, அல்லது கணையமே கசிகிறது என்று பொருள்.

கசிவு பெரும்பாலும் முதல் வாரத்தோடு முடிகிற சமாசாரம் இல்லை. காய்ச்சல், வயிற்று வலி, நாடித் துடிப்பு கூடுவது, நேற்றுவரை நன்றாகச் சாப்பிட்டவர் இன்று சோற்றை ஒதுக்குவது. ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்கு வயிறு கல்லாக இறுகாது, காய்ச்சலும் கொதிக்காது. மேலுக்கு அமைதியாக இருக்கும், உள்ளே சீழ் பிடித்திருக்கும். "ஏதோ சரியில்லை" என்று நோயாளி சொன்னால் அதையே ஓர் அறிகுறியாக எடுத்துக்கொள்ளப் பழகியிருக்கிறேன். சிறிய கசிவு என்றால் ஸ்கேன் பார்த்துக் குழாய் போட்டு வடியவிட்டே சமாளிக்கலாம், பெரிது என்றால் திறந்துதான் ஆக வேண்டும்.

இன்னொன்று, கொடையாளரின் குடல் துண்டு வருகிறது அல்லவா, அதற்குள் கிருமியும் பூஞ்சையும் கூடவே வரும். அதனால்தான் எடுக்கும்போதே அதைக் கிருமிக்கொல்லி மருந்தால் கழுவுகிறார்கள், பிறகு பூஞ்சைக்கும் மருந்து தருகிறார்கள். மாத்திரை ஏன் இத்தனை என்று தங்கை முறைத்தால் இதைச் சொல்லுங்கள்.

வாந்தி வந்தால் எல்லாமே சிக்கல் என்று பதற வேண்டாம். பல ஆண்டு சர்க்கரை நோயில் இரைப்பையின் நரம்புகளும் சோர்ந்திருக்கும். மற்றவர்கள் மூன்றாம் நாள் இட்லி சாப்பிட்டால் இவர்கள் ஒரு வாரம் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் வாந்தியோடு வயிறு உப்பி, வாயு பிரியவும் இல்லை என்றால் அது வேறு கதை. குடல் அடைப்பாக இருக்கலாம்.

கணக்குப்பிள்ளை

சிஸ்டர், நீங்கள் எழுதியதைப் படித்தபிறகு என் கேள்வி இன்னும் உறுதியாகிறது. இவ்வளவையும் தாங்க டயாலிசிஸில் மெலிந்த உடம்புக்குத் தெம்பு உண்டா? அண்ணனுடைய சிறுநீரகத்தை இப்போதே வைத்துவிடலாம். உடம்பு தேறியபின், வேண்டுமென்றால் கணையத்தைத் தனியாக வைக்கலாமே?

கத்தியும் நூலும்

கணக்குப்பிள்ளை ஐயா இதைக் கிண்டலாகக் கேட்கிறாரா என்று தெரியவில்லை, ஆனால் இதுதான் இந்த இழையின் மிக முக்கியமான கேள்வி. அப்படிச் செய்வது உண்டு. உயிரோடு இருப்பவர் கொடுக்கும் சிறுநீரகம் தரத்தில் உயர்ந்தது, நாள் குறித்துச் செய்யலாம், டயாலிசிஸ் உடனே முடியும். டயாலிசிஸில் கழியும் ஒவ்வோர் ஆண்டும் இதயத்தைத் தின்கிறது என்பதால் காத்திருப்புக்கும் ஒரு விலை இருக்கிறது.

எதிர்ப்பக்கம் இது: இரண்டும் ஒரே கொடையாளரிடமிருந்து வந்தால் சிறுநீரகம் கணையத்துக்குக் காவல் நிற்கும். உடல் நிராகரிக்கத் தொடங்கினால் பெரும்பாலும் சிறுநீரகம் கழிக்க வேண்டிய கிரியேட்டினின் ரத்தத்தில் முதலில் ஏறும், நாம் விழித்துக்கொள்வோம். கணையம் மட்டும் பாதிக்கப்படும்போது ரத்தத்தில் அமைலேஸும் லைப்பேஸ் என்ற இன்னொரு கணைய நொதியும் ஏறலாம், ஏறாமலும் போகலாம். சர்க்கரை ஏறும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். சிறுநீரகத்தை ஒருவரிடமும் கணையத்தை வேறொருவரிடமும் வாங்கினால் அந்தக் காவல் இல்லை. பின்னர் வைக்கும் கணையங்கள் சேர்த்து வைத்தவற்றைவிடக் குறைந்த காலம் உழைப்பதற்கு இது ஒரு காரணம். பழைய சிறுநீர்ப்பை இணைப்பில் ஒரு வசதி இருந்தது: சிறுநீரிலேயே அமைலேஸைப் பார்த்து நிராகரிப்பை ஊகிக்கலாம். ஆனால் அந்த நீரில் அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் வீணாகிப் போய் ரத்தம் அமிலமாகும், உடல் வறளும், சிறுநீர்ப் பாதை எரியும், ரத்தம் போகும். பொறுக்க முடியாமல் பலருக்குப் பிறகு குடலுக்கு மாற்றி இணைக்க வேண்டியிருந்தது. அதனால்தான் கைவிட்டோம், முழுமையாக அல்ல.

என் சொந்தக் கருத்தைக் கேட்டால்: அண்ணன் தயாராக நிற்க, காத்திருப்புப் பட்டியல் நீளமாக இருக்க, கணையம் எப்போது வரும் என்று தெரியாத இடத்தில் முதல் வழியே நல்லது. பட்டியல் குறுகியது, அந்த மையத்துக்குக் கணையத்தில் கை பழகியிருக்கிறது என்றால் சேர்த்து வைப்பது நல்லது. சர்க்கரை இறங்குவது தெரியாமல் நினைவு தப்புகிறவர் என்பது தராசைக் கணையத்தின் பக்கம் சாய்க்கிறது. கணையம் வேலை செய்துகொண்டிருக்கும் காலம் முழுதும் அந்தப் பயம் இல்லை.

குமரிமுனை

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எனக்குக் கணையத்தில் கல் விழுந்து அதனால் வந்த சர்க்கரை. எங்கள் பக்கமும் கேரளத்திலும் இது நிறைய உண்டு. எனக்கும் இந்த மாற்று பொருந்துமா?

கத்தியும் நூலும்

அரிதாகச் செய்திருக்கிறார்கள். குடலில் இணைப்பதால் இன்சுலினோடு செரிமான நொதியும் கிடைக்கும் என்பது உங்களுக்குக் கூடுதல் லாபம். ஆனால் கல்லுக்காக ஏற்கெனவே வயிற்றில் அறுவை ஆகியிருந்தால் உள்ளே குடல்கள் ஒட்டிக்கிடக்கும், வேலை கடினமாகும். தனி இழை தொடங்குங்கள், அங்கே பேசலாம்.

பொருநைக்கரை

தங்கை கேட்கச் சொன்ன கேள்வி: எந்தக் கணையம் உறையும், எது உறையாது என்று முன்கூட்டியே தெரியாதா? எல்லாம் விதிதானா?

கத்தியும் நூலும்

விதியின் பங்கு இருக்கிறது, ஆனால் முழுப்பங்கு இல்லை. கொடையாளர் இளையவராக, ஒல்லியாக, விபத்தில் மூளைச்சாவு அடைந்தவராக இருந்தால் நல்லது. 50 வயதை நெருங்கியவர், பருமனானவர், மூளையில் ரத்தக்குழாய் வெடித்தோ அடைத்தோ இறந்தவர் என்றால் உறைவும் அழற்சியும் கூடுகின்றன. பருத்த உடலில் கணையத்துக்குள்ளும் கொழுப்பு படிந்திருக்கும். ஐஸில் இருக்கும் நேரமும் முக்கியம். 12 மணி நேரத்துக்குள் வைத்துவிடப் பார்ப்போம். எடுக்கும்போது கை படும் விதம்கூடக் கணக்கில் வரும். கணையம் ஒரு தொட்டாற்சிணுங்கி. அழுத்திப் பிடித்தால், கொழுப்புறை கிழிந்தால், அதன் பலன் ரத்தம் பாய்ந்த பிறகு அழற்சியாக வந்து நிற்கும்.

அனுபவமுள்ள குழு எத்தனை கணையங்களை வைக்கிறது என்பதைப் போலவே எத்தனையை வேண்டாம் என்று திருப்பி அனுப்புகிறது என்பதும் ஓர் அளவுகோல். நள்ளிரவில் எழுந்து கொடையாளரின் வயிற்றைத் திறந்து கையால் தடவிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று சொல்லித் திரும்பும் தைரியம் வேண்டும். மறுமுனையில் உங்கள் தங்கை மருத்துவமனைக்கு வந்து பட்டினியாகக் காத்திருப்பார். அவரை வீட்டுக்கு அனுப்பினால் கோபப்படாதீர்கள்.

நோயாளி பக்கத்திலும் காரணங்கள் உண்டு. நெடுநாள் சர்க்கரை நோயில் இடுப்புத் தமனிகளில் சுண்ணாம்பு படிந்திருக்கும்; ஊசி இறங்காத இடத்தில் தையல் எப்படிப் போடுவது? அதனால் முன்பே சி.டி. எடுத்துப் பார்க்கிறோம். இதயமும் அப்படி. சர்க்கரை நோயாளிக்கு மாரடைப்பே வலிக்காமல் வரும் என்பதால் நெஞ்சு வலியில்லை என்ற பதிலை நாங்கள் நம்புவதில்லை. சிகரெட் இருந்தால் பேச்சே இல்லை.

வல்லைவெளி

எனக்கு ஒரு சந்தேகம். என்னுடையதை எடுத்துவிட்டார்கள். என் சிநேகிதி ஒருவருக்கு நிராகரிப்பால் செயலிழந்த சதையியை உள்ளேயே விட்டிருக்கிறார்கள். சில ஆண்டுகள் கழித்தும் அதனால் ஆபத்து வருமா?

கத்தியும் நூலும்

மெல்லச் சுருங்கிச் செயலிழந்த கணையம் பெரும்பாலும் தொந்தரவு தராது, எடுப்பதுதான் சிரமம். ஆனால் அவருக்கு ஒன்றைச் சொல்லி வையுங்கள். தமனி தைத்த இடத்தில் எப்போதாவது கிருமி தொற்றி, சுவர் பலவீனமாகி உப்பிக்கொண்டே போய், பக்கத்திலிருக்கும் குடலுக்குள் வெடிக்கலாம். அரிது, ஆனால் உயிர் போகும். ஆண்டுகள் கழித்தும் நடந்திருக்கிறது, குறிப்பாகச் செயலிழந்த கணையம் உள்ளே இருப்பவர்களுக்கு. வெள்ளம் வருமுன் ஒருமுறை சிறிதாக ரத்தம் போய் நிற்கும். அதை மூலம் என்றோ வயிற்றுப்புண் என்றோ எண்ணி வீட்டில் இருக்கக் கூடாது. மலத்தில் ரத்தம் போனால் நேராக மருத்துவமனை. அங்கே "எனக்குக் கணையம் மாற்றியிருக்கிறது, தமனியை ஸ்கேனில் பாருங்கள்" என்று அவரே சொல்ல வேண்டும். அவசர சிகிச்சைப் பிரிவில் இருப்பவர் எண்டோஸ்கோப்பி போட்டு இரைப்பையை மட்டும் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிடலாம். கணையம் இணைந்திருப்பது அந்தக் குழாய் எட்டாத இடத்தில்.

வல்லைவெளி

இப்போதே அவவுக்கு இதை அனுப்புகிறேன்.

கணக்குப்பிள்ளை

ஸ்டெம் செல்லிலிருந்து இன்சுலின் திட்டுகளையே வளர்த்து ஊசியில் ஏற்றுகிறார்களாமே? அது வந்துவிட்டால் இந்தக் கத்தி வேலையே வேண்டாம் அல்லவா?

குளிர்நாடன்

இறந்தவரின் கணையத்திலிருந்து திட்டுகளைப் பிரித்துக் கல்லீரலுக்குப் போகும் சிரையில் ஏற்றுவது நெடுங்காலமாக இருக்கிறது. கனடாவின் எட்மண்டனில் 2000ஆம் ஆண்டு ஏழு பேர் இன்சுலினை நிறுத்திய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. பெரிய அறுவை இல்லை, வயிற்றில் வெட்டு இல்லை. கல்லீரலைக் குத்தும்போது ரத்தக் கசிவு, சிரையில் உறைவு என்ற ஆபத்துகள் அங்கும் சிறிதளவு உண்டு. ஆனால் ஒன்றுக்கு மேற்பட்ட கொடையாளர் தேவைப்படலாம், ஆண்டுகள் போகப்போக இன்சுலின் மீண்டும் தேவைப்படுவது பலருக்கு நடக்கிறது. ஸ்டெம் செல் வழியில் 2025இல் வந்த முடிவுகள் நம்பிக்கை தருகின்றன. 12 பேருக்கு முழு அளவு கொடுத்ததில் ஓராண்டு முடிவில் 10 பேர் இன்சுலின் இல்லாமல் இருந்தார்கள். அவர்களும் எதிர்ப்பு சக்தியை அடக்கும் மருந்து சாப்பிட்டவர்கள்தான். டயாலிசிஸில் இருக்கும் ஒருவரை அதற்காகக் காத்திருக்கச் சொல்ல என்னால் முடியாது.

பொருநைக்கரை

இந்த வாரம் மருத்துவமனைக்குப் போய்வந்தோம். இங்கே படித்ததை வைத்துத் தங்கையே கேட்டாள். ஆண்டுக்கு எத்தனை கணையம் வைக்கிறீர்கள், அதில் எத்தனை பேரை மறுபடி திறந்தீர்கள், இரவு இரண்டு மணிக்கு டாப்ளர் எடுக்க ஆள் இருப்பாரா, ரத்தக்குழாய் வழியாகச் சிகிச்சை தருபவர் அதே கட்டடத்தில் இருக்கிறாரா என்று. மருத்துவர் முதலில் சற்று அசந்துபோனார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார்.

எண்ணிக்கை குறைவுதான். இந்தியா முழுவதிலுமே ஆண்டுக்குச் சில பத்துகளைத் தாண்டுவதில்லை, அமெரிக்காவில் ஏறத்தாழ ஆயிரம் என்று அவரே சொன்னார். சிறுநீரகம், கணையம் இரண்டின் பட்டியலுக்கும் பெயர் கொடுப்பது, குறிப்பிட்ட காலம் வரை சேர்த்து வைப்பதற்குக் காத்திருப்பது, அதற்குள் வராவிட்டால் என் சிறுநீரகம் என்று பேசியிருக்கிறோம். என் பரிசோதனைகளும் இப்போதே தொடங்குகின்றன, அப்போது ஓட வேண்டாம் என்பதற்காக. தங்கைக்கு அடுத்த வாரம் இதய ஆஞ்சியோகிராம். டயாலிசிஸ் நாளோடு அதை எப்படி ஒத்துவைப்பது?

இரவுப்பணி

டயாலிசிஸ் முடிந்த மறுநாள் காலையில் வைக்கச் சொல்லுங்கள், நீர் தேங்கியிருக்காது, மல்லாந்து படுக்கச் சிரமம் இருக்காது. டயாலிசிஸில் கொடுத்த ஹெப்பாரினும் அதற்குள் இறங்கியிருக்கும். டயாலிசிஸுக்காகத் தமனியையும் சிரையையும் இணைத்துப் பிஸ்டுலா போட்ட கையில் ஊசியோ ரத்த அழுத்தப் பட்டையோ கூடாது என்று அங்கே உள்ளவர்களிடம் தங்கையையே சொல்லச் சொல்லுங்கள். அன்று வெறும் வயிற்றில் இருப்பாள், காலை இன்சுலின் எவ்வளவு என்று முதல் நாளே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். சர்க்கரை இறங்குவது தெரியாதவள் என்பதைக் கோப்பின் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் எழுதச் சொல்லுங்கள் தம்பி.